கிளினிக் கொப்பிக்கு வெளியே: கேள்வி பதில்

பல நோய்களோடு வீட்டில் இருப்பவர்களைப் பராமரிப்போர் கேட்டவை. பதில் சொல்பவர் யாழ்ப்பாணத்தில் சமூக சேவைப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர்.

கேள்வி: அக்கா, அப்பாவுக்குப் பாரிசவாதம், சலரோகம், சிறுநீரகமும் பழுது. வட்டுக்கோட்டையில் அம்மா தனியப் பார்க்கிறா. நான் கனடாவில் இருந்து காசு அனுப்புகிறேன். வேறென்ன செய்யலாம்?

பதில்: தம்பி, காசு ஓட்டோவுக்குக் காணும், அப்பாவைத் தூக்கி ஏற்ற ஆள் வேணுமே! "உதவி செய்யுங்கோ" என்று பொதுவாகக் கேட்டால் அயலில் எல்லோரும் தலையாட்டுவார்கள், ஒருவரும் வரமாட்டார்கள். "செவ்வாய் காலமை ஆறு மணிக்குப் பெரியாஸ்பத்திரிக்குப் போகவேணும், ஏற்றிவிட ஒராள் வாங்கோ" என்று கேட்டால் வருவார்கள். சனசமூக நிலையப் பெடியளிடம் கேட்க அம்மா கூச்சப்படுவா; நீங்களே போன் எடுத்துக் கேளுங்கள்.

பிறகு, நோயும் மருந்தும் எழுதிவைக்கும் கிளினிக் கொப்பிகள் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். எந்த டொக்டரிடம் போனாலும் எல்லாவற்றையும் மேசையில் வைக்கவேண்டும். சிறுநீரகம் பழுதான ஆளுக்கு, முழங்கால் நோவுக்கென்று கடையில் வாங்கும் குளிசையே வினையாகலாம். கிழமையில் இரண்டு பின்னேரம் அம்மா கோயிலுக்குப் போய்வர, சம்பளத்துக்கு ஒருவரைப் பிடியுங்கள். நீங்கள் அனுப்பும் காசுக்கு அதைவிட நல்ல செலவு எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: நெடுந்தீவில் இருந்து மாமியைக் கிளினிக்குக் கூட்டிவருவதற்குள் படகுப் பயணத்திலேயே களைத்துப்போகிறா.

பதில்: முதல் நாளே படகு வந்துசேரும் குறிகட்டுவானுக்கு வந்து, இந்தப் பக்கம் சொந்தக்காரர் வீட்டில் தங்குங்கள். திரும்பும் படகு நேரத்தைக் கிளினிக் தாதியிடம் காலையிலேயே சொல்லிவையுங்கள். சொல்லாமல் வாங்கில் இருந்தால் யாருக்குத் தெரியும்?

கேள்வி: சலரோகத்தால் அண்ணாவுக்கு ஒரு காலை எடுத்துவிட்டார்கள். இனி என்ன?

பதில்: யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிறுவனம் 1987 இலிருந்து செயற்கைக் கால் செய்துகொடுக்கிறது. காயம் ஆறியதும் போய்க் கதையுங்கள். மற்றக் காலில் புண் உண்டா என்று தினமும் இரவில் வெளிச்சம் பிடித்துப் பாருங்கள், விரலிடுக்கு உட்பட. மாற்றுத்திறனாளி, சிறுநீரக நோயாளி, முதியோர் என்று தனித்தனிக் கொடுப்பனவுகளும் உண்டு. விதானையாரிடம் (கிராம அலுவலர்) வாயால் கேட்டுவிட்டு வராமல், மருத்துவ அறிக்கைப் பிரதியோடு எழுதிக் கொடுங்கள். பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரையும் பாருங்கள்.

கேள்வி: அம்மாவை இரவில் திருப்பித் திருப்பிப் படுக்கவைத்து எனக்கு நித்திரையே இல்லை. சில நேரம் அவவில் எரிந்து விழுகிறேன்.

பதில்: தங்கச்சி, படுக்கைப் புண் வராமல் பார்க்கிறீர்கள், அது பெரிய வேலை. ஆனால் எல்லா இரவும் உங்களுடையதாக இருக்கக்கூடாது. சகோதரங்கள் இருந்தால் கிழமை நாட்களைப் பெயர் எழுதிப் பிரித்துக்கொள்ளுங்கள். மனம் தாங்கவில்லை என்றால் 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கு எடுங்கள், தமிழிலும் கதைக்கலாம். அம்மாவுக்கு மூச்சுத் திணறல் மாதிரி அவசரம் என்றால் 1990, அம்புலன்ஸ் இலவசம்.