முதலில் மகளின் நம்பரைக் கடையிலிருந்து எடுங்கள்

கேள்வி: சேலம் பக்கம் இளம்பிள்ளையில் இருந்து எழுதுகிறேன். தறிக்காரர்களிடம் காட்டன் சேலை எடுத்து, இரண்டு வருடமாக இன்ஸ்டாகிராமில் விற்கிறேன். ஆரம்பத்தில் வாரத்துக்கு நாற்பது ஆர்டர் வந்தது. இப்போது பத்து வந்தாலே பெரிது. ஒரு விளம்பர ஏஜென்சி மாதம் 25,000 ரூபாய் கேட்கிறது. ஏஐ மாடலுக்குச் சேலை கட்டிய மாதிரி படம் போட்டால் வியாபாரம் பிடிக்கும் என்றும் சொல்கிறார்கள். எதில் பணம் போடட்டும்? பார்சல் வேலையைக் கணவர் பார்க்கிறார். ஆர்டருக்குக் கொடுத்திருக்கும் வாட்ஸ்அப் நம்பர் மகளுடையது. ப்ளஸ் டூ படிக்கிறாள். ராத்திரி பன்னிரண்டு மணி வரை அவளே எல்லாருக்கும் பதில் போட்டுவிடுவாள், சமர்த்து. மகன் கோவையில் இன்ஜினீயரிங் படிப்பதால் அவனைத் தொந்தரவு செய்வதில்லை.

பதில்: மகன் படிக்கிறான், அதனால் தொந்தரவு செய்வதில்லை. மகளும்தான் படிக்கிறாள், அதுவும் மார்ச்சில் பொதுத்தேர்வு எழுதும் வகுப்பில். அவளை மட்டும் நள்ளிரவு வரை கடையில் உட்கார வைத்திருக்கிறீர்கள். அதற்குச் ‘சமர்த்து’ என்று ஒரு பாராட்டு வேறு. நீங்கள் கேட்ட ஏஜென்சி, ஏஐ இரண்டுக்கும் கீழே பதில் இருக்கிறது. ஆனால் உங்கள் கடிதத்தில் அவசரமான விஷயம், போகிற போக்கில் எழுதிய அந்த நாலு வரிதான்.

அந்த நம்பர் இப்போது எங்கெல்லாம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். இன்ஸ்டாகிராம் முகப்பில் இருக்கிறது. பழைய ரீல்ஸ் ஒவ்வொன்றிலும் எழுத்தாக ஓடுகிறது. இரண்டு வருடமாக நீங்கள் அனுப்பிய எல்லாப் பார்சலிலும் ‘அனுப்புநர்’ பகுதியில் அச்சாகியிருக்கிறது. முன்பின் தெரியாத யார் வேண்டுமானாலும் ராத்திரி பதினொன்றரைக்கு உங்கள் பெண்ணுக்குச் செய்தி அனுப்பலாம். அவள் விழித்திருந்து பதில் சொல்வாள் என்றும் அவர்களுக்குத் தெரியும். அதில் சேலை கேட்டு வருவது எத்தனை, வேறு பேச்சு எத்தனை என்று அவளிடம் ஒரு நாளாவது கேட்டீர்களா? இன்று கேளுங்கள். அதட்டாமல், போனைப் பிடுங்காமல் கேளுங்கள். மோசமான செய்தி ஏதாவது இருந்தால் அழிக்கச் சொல்லாதீர்கள். எண்ணோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு பிளாக் செய்யுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பெண்கள், குழந்தைகளுக்கு எதிரான குற்றங்களுக்குத் தனிப் பகுதியே இருக்கிறது.

இன்ஸ்டாகிராம் கணக்கை அவள் பெயரில், பிறந்த வருடத்தை மாற்றிக் கொடுத்துத் திறந்திருந்தால் அதையும் ஒத்துக்கொள்ளுங்கள். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களை இன்ஸ்டாகிராம் ‘இளையோர் கணக்கு’ என்று தனியாக வைக்கிறது. இந்தியாவில் அது 2025 பிப்ரவரியில் வந்தது. தொடர்பில் இல்லாதவர்களின் செய்தி அவர்களுக்கு வராது. ராத்திரி 10 மணி முதல் காலை 7 வரை அறிவிப்புகள் மௌனமாகிவிடும். வருடத்தை மாற்றியிருந்தால் அந்தப் பாதுகாப்பு முழுவதும் போயிற்று. ஓர் அமெரிக்க நிறுவனமே பத்து மணிக்குப் பிள்ளைகளைத் தூங்கச் சொல்கிறது. பெற்றவர்கள் பன்னிரண்டு வரை எழுப்பி வைக்கலாமா?

இனி செய்ய வேண்டியது. உங்கள் பெயரில் ஒரு புது சிம் வாங்குங்கள். வீட்டில் சும்மா கிடக்கும் ஆண்ட்ராய்டு போன் ஒன்றில் போட்டு, வாட்ஸ்அப் பிசினஸ் செயலியை அந்த எண்ணில் பதிவு செய்யுங்கள். அது கடைப் போன். ராத்திரி அது சேலைகள் இருக்கும் இடத்திலேயே இருக்க வேண்டும். ரீசார்ஜை விட்டுவிடாதீர்கள். மாதக்கணக்கில் சும்மா கிடக்கும் எண்ணை நிறுவனம் வேறொருவருக்குக் கொடுத்துவிடும். அவர் அதே எண்ணில் வாட்ஸ்அப் திறந்தால் உங்கள் வாடிக்கையாளர்கள் அவரிடம்தான் போவார்கள். வாட்ஸ்அப் அமைப்புகளில் இரட்டைச் சரிபார்ப்புக்குப் போய் 6 இலக்க பின் போடுங்கள், மீட்புக்கு உங்கள் மின்னஞ்சலையும் சேருங்கள்.

மகளின் எண்ணையே கடைக்கு விட்டுவிட்டு அவளுக்குப் புது நம்பர் வாங்கலாம் என்று தோன்றும். வேண்டாம். ஆதார், பள்ளி, நாளைக்குக் கல்லூரி விண்ணப்பம் எல்லாம் பழைய எண்ணோடு பின்னியிருக்கும். நகர வேண்டியது கடைதான். அவள் போனிலும் வாட்ஸ்அப் பிசினஸ்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். சாதாரண வாட்ஸ்அப் என்றால் பிசினஸுக்கு மாற்றிக்கொள்ளலாம், எண் அதேதான். அதில் தானாகப் போகும் ‘வெளியில் இருக்கும்போது’ செய்தியை ‘எப்போதும் அனுப்பு’ என்று வைத்து, பெறுபவர்களில் ‘முகவரிப் புத்தகத்தில் இல்லாதவர்கள்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். அவளுடைய தோழிகளுக்கு அது போகாது. கடை நம்பர் மாறிவிட்டது, ஆர்டருக்கு இந்தப் புது எண், நேரம் காலை 10 முதல் மாலை 7 வரை என்று மூன்று வரி போதும். அவள் போனில் நெட் இருந்தால்தான் அந்தப் பதில் போகும், நினைவிருக்கட்டும். அவள் எண்ணைப் போனில் பதிந்து வைத்திருக்கும் பழைய வாடிக்கையாளர்களுக்கும் புது எண்ணைச் சேமிக்கச் சொல்லுங்கள். ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலில் ஒன்றுக்கு 256 பேரைச் சேர்க்கலாம். ஆனால் அனுப்புகிற எண்ணைச் சேமித்தவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். இரண்டு மாதம் கழித்து அவள் போனில் கடைப் பேச்சு எதுவும் இருக்கக் கூடாது. அதன் பிறகு தெரியாத எண்களின் வாட்ஸ்அப் அழைப்பை மௌனமாக்கும் வசதியை, தனியுரிமை அமைப்பில் போட்டுவிடுங்கள்.

எண் எழுதிய பழைய ரீல்ஸை அழிக்க மனம் வராவிட்டால் ஆர்கைவ் செய்து மறைத்து வையுங்கள். பார்சல் ஸ்டிக்கரை இந்த வாரமே மாற்றுங்கள்.

இன்ஸ்டாகிராமில் மட்டும் வரிசை தப்பக் கூடாது. முதலில் அதன் அமைப்புகளில் உள்ள அக்கவுண்ட்ஸ் சென்டரில் உங்கள் மின்னஞ்சலையும் புது எண்ணையும் சேருங்கள். அடுத்து இரட்டைச் சரிபார்ப்பை ஆதென்டிகேட்டர் செயலிக்கு (போனிலேயே குறியீட்டை உருவாக்கித் தரும் செயலி) மாற்றி, அவசரத்துக்கான மாற்றுக் குறியீடுகளை (பேக்கப் கோட்) ஒரு தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். ஒரு முறை வெளியேறி உள்ளே வந்து பார்த்த பிறகே மகளின் எண்ணை நீக்குங்கள். பலர் பழைய எண்ணை முதலில் நீக்கிவிட்டு, ஓடிபி வர வழியில்லாமல் கணக்கையே இழந்து நிற்கிறார்கள்.

பதிலை யார் போடுவது என்கிறீர்களா? நீங்கள். டைப் வராது என்று சொல்ல வேண்டாம். கூகுளின் ஜிபோர்டு விசைப்பலகையில் தமிழைச் சேர்த்து மைக்கைத் தொட்டுப் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும். திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு ‘விரைவுப் பதில்’ 50 வரை சேமிக்கலாம். சாய்கோடு போட்டு ‘கூரியர்’ என்று அடித்தால் முழுப் பதிலும் வந்து நிற்கும். மகனுக்கும் வேலை இருக்கிறது. வாட்ஸ்அப் பிசினஸை முதன்மைப் போன் தவிர இன்னும் 4 கருவிகளில் இணைக்கலாம். கடைப் போன் இளம்பிள்ளையில் இருக்க, அவன் கோவை ஹாஸ்டலில் லேப்டாப்பில் இருந்தே மாலை ஒரு மணி நேரம் பதில் போட முடியும். குடும்ப வருமானத்தில் படிக்கிறவன் குடும்ப வேலையில் கை கொடுப்பதை நீங்கள் ‘தொந்தரவு’ என்று எழுதியது எனக்குக் கோபத்தையே தருகிறது. பெண் பிள்ளை செய்தால் கடமை, ஆண் பிள்ளை செய்தால் தொந்தரவு என்ற கணக்கை இந்தத் தலைமுறையோடு நிறுத்துங்கள்.

ராத்திரி ஒன்பதுக்கு மேல்தான் எல்லாரும் ரீல்ஸ் பார்க்கிறார்கள், அப்போது பதில் போடாவிட்டால் ஆர்டர் போகும் என்பீர்கள். பார்ப்பது உண்மைதான். ஆனால் ராத்திரி வரும் செய்திகளில் ‘விலை என்ன’, ‘இருக்கா’, ‘கூரியர் எவ்வளவு’ தவிர வேறென்ன? விலையை மறைத்து ‘டிஎம் பண்ணுங்க’ என்று போடுகிற பழக்கம்தான் உங்கள் பெண்ணின் தூக்கத்தைக் கெடுக்கிறது. விலையை வீடியோவிலேயே போடுங்கள். வாட்ஸ்அப் பிசினஸின் கேட்டலாகில், அதாவது பொருள் பட்டியலில், 500 பொருள் வரை ஏற்றலாம். சேலைக்கு ஒரு குறியீட்டு எண், விலை, சேலை எத்தனை மீட்டர், ப்ளவுஸ் துணி உண்டா, சாயம் போகுமா என்பதை எழுதுங்கள். விற்றதை அன்றன்றே மறையுங்கள். இதெல்லாம் தெரிந்துவிட்டால் 650 ரூபாய் சேலைக்குக் காலை பத்து மணி வரை காத்திருப்பார்கள்.

பணம் வந்த ஸ்கிரீன்ஷாட்டை நம்பிப் பார்சல் கட்டாதீர்கள். வங்கிச் செயலியில் வரவு ஏறியிருக்கிறதா என்று பெரியவர் ஒருவர் பார்க்க வேண்டும். ‘ஆர்டர் பட்டியல்’ என்று ஏபிகே கோப்பு (போனில் செயலியை நிறுவும் கோப்பு) வந்தால் திறக்கவே கூடாது.

ரீல்ஸ் ஏன் விழுந்தது? 2020 ஜூன் கடைசியில் டிக்டாக் தடையாகி, ஜூலையில் ரீல்ஸ் இங்கே வந்தது. அன்றைக்குக் கடைகள் குறைவு. இன்று உங்கள் ஊரிலேயே தெருவுக்கு நாலு பேர் அதே பாட்டைப் போட்டு அதே மாதிரி சேலையை விரிக்கிறார்கள். எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள், விருப்பம் தெரிவிக்கிறார்களா, பார்த்ததை இன்னொருவருக்கு அனுப்புகிறார்களா என்பவையே முக்கியமான அளவுகோல்கள் என்று இன்ஸ்டாகிராம் தலைவர் ஆடம் மொசேரி 2025 ஜனவரியில் சொன்னார். புதியவர்களிடம் போய்ச் சேர, அனுப்புவதற்குக் கூடுதல் எடை. அக்கா தங்கைக்கு அனுப்புகிற மாதிரி வீடியோ எது? பத்துத் துவைப்புக்குப் பிறகு இதே சேலை எப்படி இருக்கிறது, கஞ்சி எவ்வளவு போட வேண்டும், பவர்லூமில் பார்டர் எப்படி விழுகிறது. முதல் மூன்று நொடியில் சேலை தெரிய வேண்டும். வணக்கம், கடைப் பெயர் எல்லாம் அப்புறம். இதை எடுக்க உங்கள் ஊரை விட நல்ல இடம் கிடையாது, பக்கத்திலேயே தறி ஓடுகிறது. 2025 ஜூலையில் இருந்து வணிகக் கணக்குகளின் பொதுப் பதிவுகள் கூகுள் தேடலிலும் வருவதால், விளக்கத்தில் ஹேஷ்டேக் குவியலுக்குப் பதில் ‘இளம்பிள்ளை காட்டன் சேலை’ என்று ஆட்கள் தேடும் சொல்லை எழுதுங்கள்.

ஏஐ மாடல் வேண்டாம். அந்தப் படத்தில் பார்டர் அகலமும் முந்தி டிசைனும் தானாக மாறிவிடும், நிறம் ஒரு படி கூடும். வாங்கியவர் பிரித்துப் பார்த்ததும் சேலை திரும்பி வரும், இரண்டு பக்கக் கூரியர் செலவும் உங்கள் தலையில். சன்னல் வெளிச்சத்தில் உங்கள் தோளில் போட்டு எடுங்கள்.

ஏஜென்சிக்கும் இப்போது பதில், இல்லை. வாரம் பத்து என்றால் மாதம் நாற்பது சேலை. ஒன்றுக்கு 150 ரூபாய் நின்றாலும் 6,000. அதை வைத்துக்கொண்டு 25,000 சம்பளமா? அதில் விளம்பரப் பணம் சேர்த்தியா என்று கேளுங்கள், பெரும்பாலும் தனி. அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் உண்டு. நம்பர் மாறி, கேட்டலாக் முடிந்த பிறகு நீங்களே, தொட்டால் வாட்ஸ்அப்புக்கு வரும் விளம்பரம் ஒன்று போட்டுப் பாருங்கள். ஏழு நாளுக்கு மொத்த பட்ஜெட் 2,100 ரூபாய். தினசரி பட்ஜெட்டுக்குப் பதில் மொத்த பட்ஜெட்டைத் தேர்ந்தெடுத்தால் கடை நேரத்தில் மட்டும் ஓடவைக்கலாம். முடிவில் எத்தனை செய்தி வந்தது என்று பார்க்காமல், எத்தனை சேலை போனது என்று பாருங்கள். ஏழு சேலை போயிருந்தால் ஒன்றுக்கு 300 ரூபாய் செலவு, அதாவது நஷ்டம்; வீடியோவை மாற்ற வேண்டும். 21 போயிருந்தால் சேலைக்கு 100, தொடரலாம். என்றைக்காவது ஏஜென்சியை வைத்தாலும் விளம்பரக் கணக்கு உங்கள் பெயரில் இருக்கட்டும். இன்ஸ்டாகிராமின் தாய் நிறுவனமான மெட்டாவின் பிசினஸ் பக்கத்தில் அவர்களைப் பங்காளராகச் (பார்ட்னர்) சேருங்கள், கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள்.

இரண்டு வருடம் உழைத்த பெண்ணுக்குக் கூலி பாக்கி இருக்கிறது. 10 வயது தாண்டிய பிள்ளைகளுக்கு, தாங்களே இயக்கும் சேமிப்புக் கணக்கு வங்கிகளில் உண்டு. அவள் பெயரில் திறந்து, மாதம் ஒரு தொகையாகத் தீருங்கள். தேர்வு முடிந்த பிறகு வீடியோ எடுக்க அவளுக்கு விருப்பம் இருந்தால் பகலில், உங்கள் போனில் எடுக்கட்டும். விருப்பம் இல்லை என்றால் கேட்காதீர்கள்.