கடைப் பசங்க சண்டை, யார் பக்கம் நிக்கிறது?

கேள்வி: சின்னக் கடை வச்சிருக்கேன். பில்லிங் பாக்குற பொண்ணும் ஸ்டாக் பாக்குற தம்பியும் கஸ்டமர் முன்னாடியே கத்திக்கிறாங்க. ரெண்டு பேரையும் விட மனசில்ல, என்ன பண்றது?

பதில்: முதல்ல தனித்தனியா உக்கார வச்சு குறுக்க பேசாம கேளுங்க, எடுத்ததும் ஒண்ணா கூப்பிட்டு பஞ்சாயத்து வச்சா அங்கயே திரும்ப ஆரம்பிச்சிடும். பல சமயம் இது குணக்கோளாறு இல்லங்க, வேலை யாருதுன்னு பிரிக்காததுதான். ரேக்ல ஒரு விலை ஒட்டியிருக்கும், கம்ப்யூட்டர்ல வேற வரும், கஸ்டமர் கவுன்டர்ல நிக்கிற பொண்ணத்தான் திட்டுவாரு, அந்தக் கோவம் அப்படியே தம்பி மேல பாயும். விலை மாறினா லேபிள் யாரு மாத்தணும், சிஸ்டத்துல யாரு ஏத்தணும்னு எழுதி ஒட்டிடுங்க. கஸ்டமர் முன்னாடி சத்தம் கூடாதுங்கிறத கறாரா சொல்லுங்க, அதையும் தனியா கூப்பிட்டு. முக்கியமா, ஒருத்தரப் பத்தி இன்னொருத்தர் வத்தி வைக்க வந்தா காது கொடுக்காதீங்க.