எனோகிக் காளானை வெளுக்கிறார்களா?

கேள்வி: கடையில் வாங்கும் எனோகிக் காளான் நூல்போல வெள்ளையாக இருக்கிறது. காட்டில் விளைவதோ பழுப்பு நிறமாம். வெள்ளையை ரசாயனத்தில் வெளுக்கிறார்கள், காட்டு எனோகிதான் நல்லது என்று ஒரு வியாபாரி சொல்கிறார். உண்மையா?

பதில்: யாரும் வெளுக்கவில்லை. மரத்தூளும் தவிடும் அடைத்த புட்டிகளைக் குளிரூட்டிய இருட்டறையில் வைத்துத்தான் இதை வளர்க்கிறார்கள். முளை விட்டதும் புட்டியின் வாயைச் சுற்றித் தாளைக் குழல்போலக் கட்டிவிடுவார்கள். உள்ளே கரியமில வாயு தேங்கத் தேங்கத் தண்டு நீளும், குடை விரியாது. கூடவே, வெளிச்சம் பட்டாலும் நிறம் ஏறாத வெள்ளை ரகங்களாகப் பார்த்து வளர்க்கிறார்கள். அவ்வளவுதான்.

காட்டில், குளிர்காலத்தில், பட்ட மரத்தில் முளைப்பதற்குக் குடை அகலம், ஆரஞ்சும் பழுப்பும் கலந்த நிறம், தொட்டால் பிசுபிசுக்கும். தண்டு குட்டை, அடிப்பக்கம் கறுத்து வெல்வெட் போலிருக்கும். இரண்டும் ஒரே இனமா என்பது ஆய்வாளர்களின் வழக்கு. உங்கள் சமையலுக்கு அது வேண்டாம்.

வியாபாரியிடம் வருவோம். பண்ணையிலேயே பழுப்பு எனோகி உண்டு. நிறத்தை மட்டும் காட்டி அதைக் 'காட்டு எனோகி' என்று விற்பது பழைய தந்திரம். தண்டெல்லாம் ஒரே உயரமா? அடியில் ஒட்டிய கட்டியில் மரத்தூள் தெரிகிறதா? அப்படியென்றால், நிறம் எதுவானாலும் அது பண்ணைச் சரக்கு. காட்டுக் கொத்தில் ஒன்று நெட்டை, ஒன்று குட்டை, குடைகளும் சிறிதும் பெரிதுமாக இருக்கும். எடையைக் கிராம் சுத்தமாக அச்சிடச் சொல்கிற விதிகள், பண்ணையா காடா என்பதையும் பெரிய எழுத்தில் போடச் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

ஏமாந்து பண்ணைச் சரக்கை வாங்கினால் பணம்தான் போகும். உண்மையிலேயே காட்டிலிருந்து பறித்ததாக இருந்தால்தான் எனக்குப் பயம். கலெரினா என்ற கொடிய நச்சுக் காளானும் அதே பட்ட மரத்தில், அதே பழுப்பில் முளைக்கும். அதன் தண்டில் மெல்லிய வளையம் இருக்கும். மழையில் உதிர்ந்தும் போகும். வித்துத்தூள் துருநிறம், எனோகிக்கு வெள்ளை. கலெரினாவின் நஞ்சு வேகவைத்தாலும் போகாது. சாப்பிட்டுப் பல மணி நேரம் கழித்தே வாந்தியும் பேதியும் தொடங்கும். தேறிவிட்டதாகத் தோன்றும்போது உள்ளே கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். முகம் தெரியாத ஆள் பறித்ததை வாங்காதீர்கள்.

வெள்ளை எனோகியையும் பச்சையாகத் தின்னாதீர்கள். 2016 முதல் 2019 வரை அமெரிக்காவில் எனோகி வழியாகப் பரவிய லிஸ்டீரியா கிருமி 4 உயிர்களைக் கொண்டுபோனது. அடிக்கட்டியை வெட்டியெறிந்து, நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள்.