வரையத் தெரியாதவர் க்யூரேட்டர் ஆகலாமா?

கேள்வி: அல்சூரில் வசிக்கிறேன். தமிழ் எம்.ஏ. எட்டு வருடமாகப் பாடநூல் பதிப்பகம் ஒன்றில் மெய்ப்புப் பார்க்கிறேன். ஓவியக் கண்காட்சி எதையும் விடுவதில்லை. க்யூரேட்டர் (கண்காட்சியைத் தொகுத்து அமைப்பவர்) ஆக ஆசை. ஆனால் வரையத் தெரியாது, வயதும் 32. இனிமேல் முடியுமா?
- ஒரு வாசகி, பெங்களூரு

பதில்: முடியும். க்யூரேட்டரின் பொழுது பெரும்பாலும் காகிதத்தோடுதான் கழிகிறது: படைப்புப் பட்டியல், இரவல் ஒப்பந்தம், காப்பீடு, சுவர்க் குறிப்பு, கேட்லாக். பிழை பிடித்துப் பழகிய கண்ணுக்கு இங்கே நல்ல கிராக்கி. கேலரிகளிடம் "க்யூரேட்டர் ஆக வேண்டும்" என்று போகாதீர்கள். "படங்களுக்குப் பக்கத்தில் ஒட்டும் லேபிள் எழுதித் தருகிறேன், கேட்லாக் மெய்ப்புப் பார்க்கிறேன்" என்று போங்கள். இங்கே கேட்லாக் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வரும். அதிலும் கையைப் பழக்குங்கள்.

லேபிளில் கலைஞர், தலைப்பு, ஆண்டு, ஊடகம் (எண்ணெய் வண்ணம், நீர்வண்ணம் போன்றவை), அளவு, யாருடைய சேகரிப்பு என்பது இருக்க வேண்டும். அளவில் உயரம் முதலில் வரும். 90 × 60 செ.மீ. என்றால் நிற்கும் படம். மாற்றி எழுதினால் சுவரில் இடம் ஒதுக்கும் கணக்கில் 30 செ.மீ. உதைக்கும். லேபிளுக்கு ஃபிரேம் இல்லாத அளவு, சுவருக்கு ஃபிரேமோடு சேர்ந்த அளவு. இரண்டையும் குறித்து வையுங்கள். அரண்மனைச் சாலை மாணிக்கவேலு மாளிகையில் உள்ள தேசிய நவீனக் கலைக்கூடத்துக்கும், கஸ்தூர்பா சாலையில் 2023-ல் திறந்த மேப் (MAP) என்னும் கலை, ஒளிப்பட அருங்காட்சியகத்துக்கும் நோட்டோடு போய், படத்தைப் பார்க்கும் முன் லேபிளைப் படியுங்கள்.

முதல் கண்காட்சிக்குப் பன்னிரண்டு படம் போதும். சராசரி அகலம் 60 செ.மீ. என்றால் படங்களுக்கு 720, பதினொரு இடைவெளிக்குத் தலா 40 வீதம் 440. ஆக 11.6 மீட்டர், கிட்டத்தட்ட 38 அடி. படத்தின் நடு, தரையிலிருந்து 145 செ.மீ.யில் நிற்கட்டும். 90 செ.மீ. உயரப் படத்தை மாட்டப் பின்னால் கட்டியிருக்கும் கம்பியை மேல்நோக்கி இழுத்துப் பிடித்தால், ஃபிரேமின் மேல்விளிம்புக்கு 10 செ.மீ. கீழே நிற்கிறது என்று வையுங்கள். 145 + 45 − 10 = 180; ஆணி அங்கே. கம்பியை இழுக்காமல் 14 என்று அளந்துவிட்டால் படம் 4 செ.மீ. தாழ்ந்து, பக்கத்துப் படத்தோடு சேராமல் நிற்கும். நீர்வண்ணமானால் வெளிச்சம் 50 லக்ஸுக்கு (வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் வேண்டாம், வெளுத்துவிடும்.

கேட்லாக்கில் படம் போட, ஓவியத்தை வாங்கியவர் தலையாட்டினால் போதாது. வாங்கியதால் மட்டும் பதிப்புரிமை அவருக்குப் போய்விடாது. கலைஞரிடமும், அவர் மறைந்து 60 ஆண்டு ஆகாவிட்டால் வாரிசுகளிடமும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

பட்டமா? அருங்காட்சியக வேலைக்குக் கலை வரலாற்றிலோ அருங்காட்சியகவியலிலோ முதுகலை கேட்பார்கள், பரோடா எம்.எஸ். பல்கலைக்கழகம் இதற்குப் பேர்போனது. தனியாகக் கண்காட்சி நடத்தப் பட்டம் அவசியமில்லை.

வேலையை இப்போதைக்கு விடாதீர்கள். "உங்களுக்கும் பேர் கிடைக்குமே" என்று சொல்லி கட்டுரை, லேபிள், மொழிபெயர்ப்பு எல்லாவற்றையும் ஒரே தொகையில் அடக்கப் பார்ப்பார்கள். மூன்றுக்கும் தனித்தனித் தொகை எழுதி வாங்குங்கள். கேட்லாக் அச்சுக்குப் போகும் முன் பாதிப் பணமாவது கைக்கு வந்திருக்க வேண்டும்.