தோட்டத்தில் காட்டுப்புறா கூடு கட்டியிருக்கிறது, கலைக்கலாமா?

நீங்கள் கேட்டிருப்பது: செடியில் காட்டுப்புறா கூடு கட்டி இரண்டு முட்டை வைத்திருக்கிறது, பக்கத்தில் போனால் பறந்துவிடுகிறது, வீட்டில் பெரியவர்கள் ஆகாது என்கிறார்கள், கலைத்துவிடலாமா, இல்லை சாப்பாடு ஏதாவது வைக்கணுமா?

கலைக்காதீர்கள். சாப்பாடும் வேண்டாம். பதில் அவ்வளவுதான். ஆனால் அந்த ‘ஆகாது’ என்ற ஒரு வார்த்தைக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

நாங்கள் பாளையங்கோட்டைப் பக்கம். புறவாசலில் கிணற்றடியை ஒட்டி ஒரு மருதாணி, ஆள் உயரத்துக்கு மேல் மண்டிக் கிடக்கிறது. அடுப்படி ஜன்னலில் நின்றால் நேராகத் தெரியும். அதில் ஒரு ஜோடி சின்னத் தவிட்டுப்புறா குச்சி சேர்க்க ஆரம்பித்தது. (நெஞ்சில் செம்பழுப்பு, அதில் கறுப்புத் தெறிப்பு என்றால் அதுதான். பிடரியில் கறுப்பும் வெள்ளைப் பொட்டுமாக இருந்தால் உங்களுடையது புள்ளிப்புறா. இரண்டுக்கும் குணம் ஏறத்தாழ ஒன்றே.) அதைக் கூடு என்று சொல்லவே எனக்குக் கூச்சம். கீழேயிருந்து பார்த்தால் குச்சி இடுக்கில் முட்டையின் வெள்ளை தெரியும். பாதிக் குச்சி எங்கள் வாரியலில் உருவிய ஈர்க்கு. ஆண் அலகில் ஒவ்வொன்றாகக் கொண்டுவரும், பெண் உட்கார்ந்த இடத்திலேயே வாங்கி வயிற்றுக்கு அடியில் செருகும். செருகியது நழுவிக் கீழே விழும். விழுந்ததைக் குனிந்துகூடப் பார்க்காது, அடுத்த குச்சி வந்துவிடும்.

அடைகாப்பதில் இரண்டுக்கும் பங்கு உண்டு. பகலில் பெரும்பாலும் ஆண், சாயங்காலத்திலிருந்து மறுநாள் காலை வரை பெண். ஏறக்குறைய இரண்டு வாரத்தில் பொரிந்துவிடும், அப்புறம் இன்னொரு இரண்டு வாரத்தில் குஞ்சு கூட்டை விட்டு இறங்கிவிடும். மொத்தமே ஒரு மாதம். இந்த ஒரு மாதத்துக்குத்தான் வீட்டில் அத்தனை பஞ்சாயத்து.

குஞ்சு சாப்பிடுவதை மட்டும் தவறவிடாதீர்கள். காக்காய்க் குஞ்சு வாயைப் பிளந்து கத்துமே, அதெல்லாம் இங்கே கிடையாது. புறாக்குஞ்சு தன் அலகைப் பெரிய புறாவின் வாய்க்குள் விட்டுக்கொள்ளும். இரண்டு குஞ்சும் ஒரே நேரத்தில், ஆளுக்கொரு பக்கம். பெரியது கழுத்தை மேலும் கீழும் இறைக்க, மூன்று தலையும் சேர்ந்து ஆடும். முதல் சில நாளைக்குக் கொடுப்பது தானியம் இல்லை, தொண்டைப் பையில் ஊறுகிற, திரிந்த பால் பதத்தில் இருக்கும் ஒரு ஆகாரம். புறாப்பால் என்பார்கள். ஆணுக்கும் ஊறும். இதைக் காட்ட வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். பேப்பரை மடிக்காமலே வந்து பார்த்துவிட்டு, ‘சரி’ என்று போய்விட்டார்.

இந்தச் சமயம் பார்த்துத்தான் மதினி வந்தார்கள். “புறா அடைஞ்ச வீடு வெளங்காதும்மா, முதல்ல அதக் கலைச்சு விடு” என்று வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பம். பெரியவர்களை எதிர்த்துப் பேசுகிறாள் என்று யாரும் வந்துவிட வேண்டாம், நான் அவர்கள் எதிரே வாயே திறக்கவில்லை. இங்கே சொல்கிறேன். மாடப்புறா பொந்திலும் உத்தரத்திலும் கோபுரத்திலும் அடைகிற ஜாதி. ஆள் நடமாட்டம் இல்லாத வீடு அதற்கு வசதி. பாழடைந்த வீட்டில் புறா இருந்ததைப் பார்த்த யாரோ, புறா வந்ததால்தான் பாழாகிவிட்டது என்று திருப்பிப் போட்டிருப்பார்கள் என்பது என் கணக்கு. தவிட்டுப்புறாவும் புள்ளிப்புறாவும் அப்படி இல்லை, ஆள் புழங்குகிற இடத்தை ஒட்டியே தைரியமாகக் கூடு வைக்கும்.

எச்சத்தால் நுரையீரல் கெட்டுவிடும் என்று பின்னூட்டத்தில் யாராவது வருவீர்கள். தெரியும். அந்தத் தொந்தரவு, கூட்டமாகப் புறா அடைகிற இடத்தில் காய்ந்து குவிந்த எச்சத்தின் தூசியை நாள்கணக்கில் சுவாசிப்பவர்களுக்கு வருவது. திறந்தவெளிச் செடியில் இருக்கும் ஒரு ஜோடியை அதோடு சேர்க்காதீர்கள். கூட்டின் விளிம்பில் எச்சம் சேரத்தான் செய்யும், அதைச் சுரண்டப் போக வேண்டாம். ஆஸ்துமா இருக்கிறவர்கள் டாக்டரைக் கேளுங்கள், என்னைக் கேட்காதீர்கள்.

எங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கு எச்சம் வேறு விதமான பிரச்சினை. மருதாணிக் கொப்பு ஒன்று காம்பவுண்டுக்கு வெளியே நீட்டியிருக்கிறது. அதன் கீழே அவர் கார். கார் மேல் எச்சம் விழுகிறதாம், கொப்பை வெட்டணுமாம். சார், அது எங்கள் வீட்டுப் பின்கேட். கார் நிற்பது பொதுச்சந்து. சிலிண்டர் கொண்டுவருகிற தம்பி அந்தக் காரைச் சுற்ற முடியாமல் தோளில் தூக்கிக்கொண்டு முன்வாசல் வழியாக வருகிறான். வீடு கட்டும்போது கார் நிறுத்த இரண்டு அடி விடமாட்டார்கள், சந்து மட்டும் எல்லோருக்கும் சொந்தம், அதிலும் அவர்களுக்குக் கொஞ்சம் கூடச் சொந்தம். கேட்டால் “எல்லாரும்தானே நிறுத்துறாங்க” என்பார். இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். கொப்பை வெட்டவில்லை.

சரி, உங்கள் விஷயம். பக்கத்தில் போனால் பறக்கிறது என்றால் நீங்கள் ரொம்பப் பக்கத்தில் போகிறீர்கள் என்று அர்த்தம். அநேகமாக செல்போனை நீட்டியிருப்பீர்கள். அடைகாக்கும் புறா ஒரு எல்லை வரை அசையாமல் உட்கார்ந்திருக்கும், தாண்டினால் படபடவென்று எழும். அந்த வேகத்தில் முட்டை உருண்டு விழலாம், கூடு என்கிற அந்தக் குச்சித் தட்டுத்தான் அவ்வளவு லட்சணமாச்சே. திறந்து கிடக்கும் முட்டை காக்காய்க்கும் செண்பகத்துக்கும் (செம்போத்து என்கிற பறவை) உடனே கண்ணில் படும். எங்கள் இரண்டு குஞ்சில் ஒன்றைச் செண்பகம் கொண்டுபோய்விட்டது. செண்பகத்துக்கும் குஞ்சு இருக்கும், அதை நான் திட்டவில்லை. கூட்டுக்குக் கீழே அரிசி, கம்பு என்று போட்டால் முதலில் வருவது காக்காய்தான், கூடவே அணிலும். தண்ணீர் வேண்டுமானால் தள்ளி ஒரு மண்சட்டியில் வையுங்கள்.

குஞ்சு கீழே விழுந்து கிடந்தால், இறகு முளைக்காததாக இருந்தால் எடுத்துக் கூட்டிலேயே வைத்துவிடலாம். மனுஷக்கை பட்டால் தாய் சேர்க்காது என்பது வெறும் பேச்சு. இறகு நன்றாக வந்துவிட்டது என்றால் அது பறக்கப் பழகுகிறது, பூனையை மட்டும் விரட்டினால் போதும். பாலில் நனைத்த ரொட்டியை வாயில் திணிக்காதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். எடுத்து வளர்க்கிறேன் என்று கூண்டு வாங்கவும் வேண்டாம். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப்புறாவைப் பிடிப்பதும் அடைத்து வைப்பதும் குற்றம்.

குஞ்சு போனதும் கூட்டைப் பிய்த்துச் செடியைக் கவாத்து செய்யலாம் என்று திட்டம் போட்டிருந்தால் கொஞ்சம் பொறுங்கள். இதுகள் அதே தட்டில் இன்னும் நாலு குச்சியைச் சொருகி மறுபடி இரண்டு முட்டை வைக்கும். எங்கள் வீட்டில் இப்போது அதுதான் நடக்கிறது. இந்தத் தீபாவளிக்கு மருதாணி அரைக்கவில்லை, கடையில் கோன் வாங்கிக்கொண்டோம். மதினிக்கும் சேர்த்து.