ராத்திரியில் முளைத்த பயறு

கேள்வி: மதுரையில் வசிக்கிறோம். மகனுக்கு ஆறரை வயது, மகளுக்கு நாலு. பள்ளியில் எல்லாம் மனப்பாடம்தான் என்பதால் மகனை யு.கே.ஜி.யோடு நிறுத்திவிட்டு, ஒரு வருடமாக வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கிறேன். கணவர் முழு ஆதரவு. ஆப்ப சோடா எரிமலை, உப்புத் தண்ணீரில் மிதக்கும் முட்டை, மஞ்சளில் சுண்ணாம்பு என்று தினமும் ஒரு அறிவியல் சோதனை செய்வோம். பிள்ளை மனசு வாடக் கூடாது என்பதில் நான் ரொம்பக் கவனம். பயறு முளைக்கும் சோதனையில் நாலு நாளாகியும் அவன் டம்ளரில் ஒன்றும் வரவில்லை. ஏமாந்துபோவானே என்று ராத்திரி 11 மணிக்கு, சமையலுக்கு முளைகட்டி வைத்திருந்த பயறை எடுத்து மாற்றிவைத்தேன். அத்தை பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போய்விட்டார். காலையில், "நேத்து ஒண்ணுமே இல்லையேம்மா" என்றான். "நீ சமத்தா இருந்தேல்ல, அதான் முளைச்சிருச்சு" என்றேன். நோட்டில் 2 செ.மீ. என்று எழுதிக்கொண்டான். இப்போது இரண்டு மாதமாக அவனுக்கு எதிலும் ஆர்வம் இல்லை. "நீயே பண்ணும்மா, நான் பாக்குறேன்" என்கிறான். அவனை இழுக்கிற மாதிரி புதுச் சோதனைகள் சொல்லுங்கள். நாளைக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத முடியுமா என்றும் பயமாக இருக்கிறது.

பதில்: தேர்வு விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம், அது சுலபம். தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் நடத்தும் பத்தாம் வகுப்புத் தேர்வை 14 வயது நிறைந்தவர்கள் எழுதலாம். உங்கள் மகனுக்கு அதற்கு இன்னும் ஏழு வருடத்துக்கு மேல் இருக்கிறது.

புதுச் சோதனை எதுவும் நான் சொல்லப்போவதில்லை. பழைய சோதனை ஒன்று பாதியில் நிற்கிறது.

பயறை மாற்றிவைத்ததை உங்கள் பாசத்துக்குச் சாட்சியாக எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் மற்றதையெல்லாம் ஒரு தடவை படித்தேன், அந்த இடத்தை மட்டும் நாலைந்து தடவை படித்தேன். அந்த நோட்டைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். முதல் நாள் ஒன்றுமில்லை, இரண்டாம் நாள் ஒன்றுமில்லை, மூன்றாம் நாளும் நான்காம் நாளும் அப்படியே. ஐந்தாம் நாள் காலையில் திடீரென்று 2 செ.மீ. ஆறரை வயதுப் பையன் அதைப் பார்த்ததும் கேட்க வேண்டிய கேள்வியைச் சரியாகக் கேட்டிருக்கிறான்: "நேத்து ஒண்ணுமே இல்லையேம்மா." ஒரு வருடமாக நீங்கள் செய்த சோதனைகளில் உருப்படியாக விளைந்தது இந்த ஒரு வரிதான். அதைத்தான் ஒரு பொய் சொல்லி அமுக்கிவிட்டீர்கள்.

பொய்யிலும் எவ்வளவு மோசமான பொய்! "அம்மாவுக்கும் தெரியலடா" என்று சொல்லியிருக்கலாம். நல்ல பிள்ளையாக இருந்தால் பயறு முளைக்கும் என்று சொல்லியிருக்கிறீர்கள். அப்படியென்றால் முதல் நாலு நாள் அவன் கெட்ட பிள்ளையாக இருந்தானா? அடுத்த தடவை முளைக்காவிட்டால் என்ன நினைப்பான்? தண்ணீரையா சந்தேகப்படுவான், தன்னைத்தானே சந்தேகப்படுவான்? இப்படி ஒரு பயம் இருக்கும்போது எந்தப் பிள்ளை டம்ளரில் கை வைக்கும்? "நீயே பண்ணும்மா" என்றுதான் சொல்லும். இரண்டு மாதமாக ஆர்வம் இல்லை என்கிறீர்கள். பயறு மாறியது எப்போது என்று அந்த நோட்டில் தேதி இருக்கும், எண்ணிப் பாருங்கள்.

பள்ளியில் மனப்பாடம் என்று கோபப்பட்டுப் பிள்ளையை நிறுத்தினீர்கள். அந்தக் கோபம் நியாயமானதுதான். நானும் பள்ளியில் ஊசல் சோதனை செய்தவள். நூலில் குண்டைக் கட்டி ஆட்டி, கடிகாரம் வைத்து எண்ணி, புவியீர்ப்பு முடுக்கம் கண்டுபிடிக்க வேண்டும். எங்கள் குண்டு எப்படி ஆடினாலும் வகுப்பு முழுக்க எல்லோர் ரெக்கார்டு நோட்டிலும் 9.8 என்றுதான் இருக்கும். விடையை முதலில் எழுதிவிட்டு, அதற்குத் தோதாக அளவுகளைப் பின்னால் இருந்து போடுவோம். வாத்தியாருக்கும் தெரியும். நீங்கள் ராத்திரி 11 மணிக்குச் செய்தது அதே 9.8 தான். எதிலிருந்து பிள்ளையைக் காப்பாற்றினீர்களோ அதையே சமையலறை வழியாக உள்ளே கூட்டிவந்துவிட்டீர்கள்.

பள்ளிக்கூடத்தில் ஒரு வசதி உண்டு. நாற்பது பிள்ளைகளில் எவனாவது ஒருவன், "டீச்சர், அது வேற பயறு" என்று கத்திவிடுவான். உங்கள் வீட்டில் யார் கத்துவது? அம்மாவும் நீங்கள், வாத்தியாரும் நீங்கள், தேர்வு வைப்பவரும் நீங்கள். பார்த்த ஒரே ஆளான உங்கள் அத்தையும் சிரித்துக்கொண்டு போய்விட்டார். (அவரிடமும் எனக்கு வருத்தம்தான். வீட்டுப் பெரியவர் என்றால் அந்த இடத்தில், "ஏத்தா, பிள்ளையை ஏமாத்தாதே" என்று சொல்லியிருக்க வேண்டும். உங்கள் கணவரோ "முழு ஆதரவு" என்ற இரண்டு வார்த்தையோடு கடிதத்தை விட்டே காணாமல் போய்விட்டார். ஆதரவு என்றால் என்ன, வாரத்தில் ஒரு நாள் டம்ளரையாவது கழுவுகிறாரா?) வீட்டில் படிக்கவைக்கிற தாய்க்குப் பொய் சொல்லும் உரிமை மற்ற தாய்களை விடக் குறைவு. இது என் கட்சி. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

1972-இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் திட்டம் தொடங்கினார்கள். கிராமத்தில் கிடைக்கும் பொருள்களை வைத்துப் பிள்ளைகளே சோதனை செய்வார்கள். அவர்கள் பாடப் புத்தகத்தில் சோதனை இருக்கும், கேள்வி இருக்கும், விடை மட்டும் இருக்காது. விடையைப் பிள்ளைகள் தாங்களே பார்த்து, பேசி, சண்டை போட்டு எழுத வேண்டும். 2002 வரை, முப்பது வருடம் அது நடந்தது. உங்கள் டம்ளர் முளைக்காமல் நின்றதே, அந்தத் திட்டத்தின் வாத்தியார்கள் ஒரு வாரம் வைத்துப் பேசியிருக்கக்கூடிய விஷயம் அது.

ஏன் முளைக்கவில்லை? நீங்களாவது யோசித்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பயறு பழசாக இருந்திருக்கலாம். ஆனால் பக்கத்திலேயே சமையல் பயறு ஜோராக முளைத்திருக்கிறதே, இரண்டும் ஒரே டப்பாவிலிருந்து வந்தவைதானே? அப்படியானால் டம்ளர் நிறையத் தண்ணீர் ஊற்றியிருப்பீர்கள் என்று பந்தயமே கட்டுவேன். விதைக்கும் மூச்சு வேண்டும். ஊறிய விதை தனக்குள் இருக்கும் சாப்பாட்டைச் செலவழித்துத்தான் வேர் விடுகிறது, அதற்குக் காற்று வேண்டும். முங்கிக் கிடந்தால் திணறி அழுகிவிடும், நாற்றம் எடுக்கும். நெல் தண்ணீருக்குள் ஓரளவு தாக்குப்பிடிக்கும், பயறு பிடிக்காது. அதனால்தான் நாம் ராத்திரி ஊறவைத்த பயறைக் காலையில் வடித்து, ஈரத் துணியில் கட்டித் தொங்கவிடுகிறோம். உங்கள் அத்தை எத்தனை வருடமாகக் கட்டுகிறார்? முளைப்பாரி போட்டு வளர்ந்த ஊர்க்காரர் என்றால், இருட்டறையில் வைத்த பயிர் ஏன் வெளுத்துப்போய் நெடுநெடுவென்று வளர்கிறது என்றுகூடப் பேரனுக்குச் சொல்வார். உப்புத் தண்ணீரில் முட்டையை மிதக்கவிட்டீர்களே, அதையே விதைநெல் தேர்ந்தெடுக்க விவசாயிகள் செய்கிறார்கள். முட்டை மிதக்கும் அளவுக்கு உப்பைக் கரைத்து, அதில் நெல்லைப் போட்டு, மேலே வரும் பதரைத் தள்ளிவிட்டு, மூழ்கியதை நல்ல தண்ணீரில் அலசி விதைக்கு எடுப்பார்கள். வீட்டிலேயே ஆள் இருக்கும்போது யூடியூபில் என்ன தேடுகிறீர்கள்?

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். நாளைக் காலையில் அவனை உட்காரவைத்து நேராகச் சொல்லுங்கள்: "தம்பி, அந்தப் பயறு நீ போட்டது இல்லடா. நீ போட்டது முளைக்கல. நீ அழுவேன்னு அம்மா ராத்திரி மாத்தி வச்சிட்டேன். அது தப்பு. நீ சமத்தா இருக்குறதுக்கும் பயறு முளைக்கிறதுக்கும் சம்பந்தமே இல்ல." இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். "உன் நல்லதுக்குத்தான்" என்று ஒட்டுப்போடவும் வேண்டாம். அழுதால் அழட்டும். கோபப்பட்டு இரண்டு அடி அடித்தால் வாங்கிக்கொள்ளுங்கள், அதுவும் நீங்கள் சம்பாதித்ததுதான்.

அப்புறம் அந்த நோட்டு. 2 செ.மீ. என்பதை ரப்பரால் அழிக்கக் கூடாது. ஒரே ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் "இது அம்மா மாற்றி வைத்த பயறு" என்று அவன் கையாலேயே எழுதட்டும். ஆய்வகங்களிலும் தப்பான அளவை அப்படித்தான் அடிப்பார்கள், அடியில் இருப்பது படிக்கத் தெரிய வேண்டும்.

அது முடிந்ததும் மூன்று டம்ளர் எடுங்கள். ஒன்றில் பயறு தண்ணீருக்குள் முழுக்க முங்கட்டும். இன்னொன்றில் ஈரப் பஞ்சின் மேல் உட்காரட்டும். மூன்றாவதில் காய்ந்த பஞ்சு. எது முளைக்கும் என்று வீட்டில் எல்லோரும், அப்பா உட்பட, முதலிலேயே சொல்லி நோட்டில் எழுதுங்கள். நாலு வயதுக்காரி படம் வரையட்டும். வாரம் ஒரு சோதனை போதும், தினம் ஒன்று என்பது வேடிக்கை காட்டும் கணக்கு. பத்து நாள் போகட்டும், ஒரு டம்ளர் நாறட்டும், அதை அவனே மோந்து பார்க்கட்டும். ராத்திரி 11 மணிக்கு மட்டும் நீங்கள் தூங்கிக்கொண்டிருங்கள்.