நஷ்டஈட்டை நம்பி மூணு வட்டி: சோமனூர் வாசகிக்குப் பதில்

கேள்வி: "சோமனூர் பக்கம் எட்டுத் தறி வச்சு கூலிக்கு ஓட்டறோங்க. பதினோரு மாசத்துக்கு முன்னாடி கரணம்பேட்டைகிட்ட லாரி மோதி வீட்டுக்காரருக்குத் தொடை எலும்பு முறிஞ்சிருச்சு, தலையிலும் அடி. வயசு 42. பின்னாடி உக்காந்திருந்த பொண்ணுக்குக் கை முறிஞ்சு கூடிருச்சு, ஆனா இன்னும் வண்டியில ஏற மாட்டேங்கறா. ஆஸ்பத்திரிக்கு 4.5 லட்சம், அப்புறம் வீட்டுச் செலவுக்கு 1.5 லட்சம், எல்லாமே இவரோட பெரியப்பா பையன்கிட்ட மூணு வட்டிக்கு வாங்கினது. கேஸ் கோர்ட்டுல இருக்கு. நஷ்டஈடு வந்ததும் கட்டிட்டு, மீதியைத் தன்னோட பைனான்ஸ்லயே ரெண்டு வட்டிக்குப் போடச் சொல்றாரு அவரு. பேங்க்ல இருக்கற தெரிஞ்ச தம்பி யூலிப்னு, ஷேர் மார்க்கெட்டோட சேர்ந்த இன்சூரன்ஸ் பாலிசி போடச் சொல்றாரு. எதுங்க நல்லது?"

பதில்: வராத பணத்தை எங்கே போடுவது என்ற கேள்வியைத் தள்ளி வையுங்கள், சகோதரி. உங்கள் வீட்டைக் கரைப்பது மாதாமாதம் போகும் வட்டி.

நீங்கள் அனுப்பிய கணக்குப்படி, ஆள் வைத்துத் தறி ஓட்டியதில் மாதம் 28,000 நிற்கிறது. வீட்டுக்கும் பள்ளிக்கும் 21,000. 6 லட்சத்துக்கு மூணு வட்டி 18,000. துண்டு விழும் 11,000-ஐ மறுபடி அவரிடமே வாங்குகிறீர்கள். அதாவது வட்டி கட்டவே வட்டிக்கு வாங்குகிறீர்கள். இதற்கு நடுவே, பணம் போதவில்லை என்று பிசியோதெரபியை நிறுத்தியிருக்கிறீர்கள். கடிதத்தில் ஒரு வரியில் கடந்துபோன இந்த விஷயம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. பங்காளியிடம் முகம் கெடக் கூடாது என்பதற்கான விலையை உங்கள் வீட்டுக்காரரின் முட்டி கொடுத்துக்கொண்டிருக்கிறது.

மூணு வட்டி என்றால் வருடத்துக்கு 36 சதவீதம். 6 லட்சத்துக்கு 2,16,000. வழக்கு மூன்று வருடம் இழுத்தால் 6,48,000, அசலைவிட அதிகம். விபத்து வழக்கை விசாரிக்கும் தீர்ப்பாயம் நஷ்டஈட்டோடு வட்டியும் சேர்த்துத் தரும், உண்மைதான். ஆனால் அது பெரும்பாலும் 6 முதல் 9 சதவீதத்துக்குள் நின்றுவிடும். 36 கட்டிக்கொண்டு 7.5-க்குக் காத்திருப்பது எந்தக் கணக்கிலும் கட்டுப்படியாகாது.

பெண்ணுக்கென்று வைத்திருக்கும் 12 பவுனைத் தொட மாட்டோம் என்கிறீர்கள். விற்கச் சொல்லவில்லை, அடகு வைத்து மூணு வட்டிக் கடனை அடைக்கச் சொல்கிறேன். பவுனுக்கு 50,000 என்று குறைத்தே போட்டாலும் 6 லட்சம் கிடைக்கும். வங்கியிலோ கூட்டுறவு வங்கியிலோ சுமார் 10 சதவீதம் என்றால் மாதம் 5,000. பத்தாவது படிக்கும் பெண்ணின் கல்யாணத்துக்குக் காலம் இருக்கிறது. ஆனால் நகைக்கடன் பெரும்பாலும் ஒரு வருடக் கெடு. கெடுவுக்குள் வட்டியைக் கட்டி மாற்றி வைக்காவிட்டால் ஏல நோட்டீஸ் வரும். மாதாமாதம் 5,000 கட்டிவிட்டால் கடைசியில் திணற வேண்டியதில்லை.

பங்காளிக்குக் கொடுப்பதை வங்கிக் கணக்கு வழியாகவே கொடுங்கள். அன்றைக்கே புரோநோட்டையும், நிரப்பாமல் கையெழுத்துப் போட்டுத் தந்த காசோலைகளையும் திரும்ப வாங்குங்கள். "நாளைக்குத் தர்றேன்" என்றால் பணமும் நாளைக்குத்தான். மரியாதைக் குறைவு என்று நினைக்காதீர்கள், வட்டிக்கு விடும் தொழிலில் அவருக்கும் இது வழக்கம்தான்.

28,000-ல் வீட்டுச் செலவும் நகைக்கடன் வட்டியும் போக இப்போது மாதம் மிச்சம் 2,000. வீட்டுக்கு வரும் பிசியோவுக்கு ஒரு தடவைக்கு 500 என்று எழுதியிருக்கிறீர்கள். வாரம் ஒரு நாள் அவர் வரட்டும். மற்ற நாளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லி 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெயர் பதியுங்கள். நடமாட முடியாதவர்களுக்கு வீட்டிலேயே இயன்முறை சிகிச்சை அதில் உண்டு, காசு கிடையாது. முட்டி 70 டிகிரிதான் மடங்குகிறது என்கிறீர்கள். மாடிப்படி ஏறவே 90 வேண்டும். தொடை எலும்பு கூடினாலும், அசைக்காமல் விட்ட முட்டி இறுகிக்கொண்டே போகும், தொடைச் சதையும் வற்றும். இதை நஷ்டஈடு வரும்வரை தள்ளிப்போட முடியாது.

வீட்டுக்காரர் சள்ளென்று எரிந்து விழுகிறார், ராத்திரி லாரி ஹாரன் கேட்டால் எழுந்து உட்கார்ந்துகொள்கிறார் என்று எழுதியிருப்பதைக் குணம் என்று விட்டுவிடாதீர்கள். தலையில் அடிபட்டவருக்குத் திடீர்க் கோபமும் மறதியும் தூக்கமின்மையும் காயத்தின் விளைவாகவே வரலாம். தலைக் காயத்துக்குப் பார்த்த மருத்துவரிடமே இதைச் சொல்லி, ஓ.பி. சீட்டில் எழுதி வாங்குங்கள். சிகிச்சைக்கும் ஆகும், வழக்குக்கும் ஆகும். பெண்ணின் பயத்துக்கு 14416-ஐக் கூப்பிடுங்கள். அரசின் மனநல உதவி எண், தமிழில் பேசலாம், கட்டணமில்லை. "வண்டியில ஏறு" என்று வற்புறுத்த வேண்டாம்.

வழக்குக்கு வருவோம். ஊனம் 30 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வருட வருமானத்தை எத்தனையால் பெருக்குவது என்பதற்கு வயதை வைத்து ஒரு எண் உண்டு, பெருக்குத்தொகை என்பார்கள்; 41 முதல் 45 வயதுக்கு அது 14. சுயதொழில் என்பதால் எதிர்கால உயர்வுக்கு 25 சதவீதம் கூட்டிக் கேட்கலாம். மாத வருமானம் 20,000 என்று நிரூபித்தால், 25,000 × 12 × 14-ல் 30 சதவீதம், 12,60,000. நிரூபிக்க முடியாமல் தீர்ப்பாயம் 12,000 என்று வைத்தால் 7,56,000. வித்தியாசம் 5 லட்சம்! கூலி நோட்டு, பாவு இறக்கிய ரசீது, வங்கிப் பாஸ்புக் எல்லாவற்றையும் வக்கீலிடம் கொடுங்கள். தறிக் குடோனின் கரண்ட் பில்லை மறக்காதீர்கள். விபத்துக்கு முன் எத்தனை யூனிட் ஓடியது, பின் எவ்வளவு குறைந்தது என்பதை அது தேதியோடு சொல்லும். ஊனச் சான்றிதழில் கால் எத்தனை சதவீதம் என்பதோடு, மணிக்கணக்கில் நின்று தறி ஓட்ட அவரால் முடியுமா என்பதையும் வக்கீல் எடுத்துச் சொல்ல வேண்டும். சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போயிற்று என்பதுதான் கணக்கு.

சமரசமாக வழக்கை முடிக்கும் மக்கள் நீதிமன்றமான லோக் அதாலத்தில் இன்சூரன்ஸ் கம்பெனி ஒரு தொகை சொல்லலாம். சீக்கிரம் முடியும், நல்ல வழிதான். ஆனால் அங்கே சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் மேல்முறையீடு கிடையாது. மாதம் 18,000 வட்டி கழுத்தை நெரிக்கும்போது முதலில் சொன்ன தொகைக்கே தலையாட்டிவிடுவீர்கள். அந்தக் கடனை முதலில் முடிக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

நீங்கள் கேட்ட இரண்டுக்கும் பதில் வேண்டாம் என்பதே. பங்காளியின் பைனான்ஸில் போட்ட பணத்துக்கு அவருடைய வாய்ச்சொல் மட்டுமே ஜாமீன். பெருந்துறையில் ஈமுக் கோழி வளர்ப்புத் திட்டத்தை நம்பிப் பலர் பணம் தொலைத்ததைப் பார்த்த நம் ஊருக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. யூலிப்பில் ஐந்து வருடம் பணத்தை எடுக்க முடியாது. இன்னொரு ஆபரேஷன் வருமா என்றே தெரியாத வீட்டுக்கு அது ஆகாது.

பணம் வந்ததும் முதலில் நகையை மீட்டுவிடுங்கள். அடுத்து, ஒரு வருட வீட்டுச் செலவு 2,52,000-ஐ வங்கி டெபாசிட்டில் போடுங்கள். மீதியைப் பற்றி, அவர் தறிக்குத் திரும்புவாரா, உட்கார்ந்து செய்யும் வேலை பார்க்க வேண்டுமா என்று தெரிந்த பிறகு எழுதுங்கள்.